சாக்கு வராத நாளுக்கு யார் கூலி தருவது?

பெறுநர்:
தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர்,
தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் கொள்முதலை நடத்தும் அலுவலர்கள்,
அதே மாவட்டங்களின் தொழிலாளர் துறை அலுவலர்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

கொள்முதல் தொடங்கிவிட்டால் டெல்டாவில் பேச்செல்லாம் ஈரப்பதம், சாக்கு, லாரி என்ற மூன்றைச் சுற்றித்தான். இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் விவசாயியின் நெல் களத்தில் கிடக்கிறது, மழை வந்தால் முளைக்கிறது. 2025 அக்டோபரில் குறுவை நெல் தேங்கியபோது நாடே அதைப் பார்த்தது. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக உயர்த்தித் தரும்படி மாநில அரசு கேட்டது, மத்தியக் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. விவசாயியின் நட்டம் செய்தியாக வேண்டியதுதான். அதே தேக்கத்தால் இன்னும் இரண்டு பேருடைய பணமும் குறைகிறது. அது செய்தியில் வருவதில்லை. சுமை தூக்குபவருக்கு அன்றைய கூலி போகிறது. சில மாதம் கழித்து, நிலையத்தில் நெல்லை வாங்கிக் கணக்கு எழுதும் பட்டியல் எழுத்தரின் சம்பளத்தில் எடைக் குறைவு என்ற பெயரில் பிடித்தம் விழுகிறது. சாக்கை வரவழைப்பதும் லாரியை அனுப்புவதும் இந்த இருவர் கையிலும் இல்லை. தாமதத்தின் செலவு மட்டும் அவர்கள் தலையில் இறங்குகிறது.

கொள்முதல் நிலையங்களில் வேலை செய்பவர்களின் கூலி, பிடித்தம், பாதுகாப்பு ஆகியவற்றில் சட்டம் என்ன சொல்கிறது, களத்தில் எது, ஏன் தவறுகிறது, அடுத்த பருவத்துக்குள் எதையெல்லாம் சரிசெய்ய முடியும் என்று எழுதுகிறோம். இதில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பல இடங்களில் ஒரு பதிவேடும் இரண்டு கையெழுத்தும் போதும்.

முதலில் வேலையின் அளவைப் பார்ப்போம். விவசாயி கொண்டுவந்த நெல் தூற்றும் இயந்திரத்தில் போய்த் தூசியும் பதரும் நீங்கி வருகிறது. அதைச் சாக்கில் பிடித்து, எடை மேடையில் வைத்து, 40 கிலோ நெல்லும் சாக்கின் 580 கிராமும் சேர்த்து நிறுத்து, வாயைத் தைத்து, அட்டியில் (மூட்டை அடுக்கில்) அடுக்குகிறார்கள். லாரி வந்ததும் அட்டியைப் பிரித்து ஏற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு 1,000 மூட்டை எடுக்கும் நிலையத்தில் 12 பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 83 மூட்டை, ஏறக்குறைய 3.4 டன். எடை மேடைக்கு, அட்டிக்கு, லாரிக்கு என்று மூன்று முறை அது தோளிலும் கையிலும் ஏறி இறங்கும்போது 10 டன்னைத் தாண்டிவிடுகிறது. ஒரு சிறிய லாரியின் சரக்கை ஓர் ஆள் ஒரே பகலில் சுமந்த கணக்கு இது.

கூலி மூட்டைக் கணக்கில். மூட்டைக்கு 3 ரூபாய் 25 காசாக இருந்ததை அரசு 10 ரூபாயாக உயர்த்தியது. அது நல்ல உயர்வு, மறுக்கவில்லை. 1,000 மூட்டை ஓடும் நாளில் 12 பேருக்கு 10,000 ரூபாய், தலைக்கு 833. காகிதத்தில் பார்த்தால் குறையொன்றுமில்லை. வாரத்தில் ஆறு நாளும் களத்துக்கு வந்து, மூன்று நாள் மட்டும் சாக்கு இருந்தால் என்ன ஆகும்? மொத்தம் 2,500, ஆறு நாளுக்குப் பிரித்தால் 416. சாக்கு இல்லாத மூன்று நாளும் அவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்களா என்றால் இல்லை. "மத்தியானத்துக்குள்ள வண்டி வந்துரும், இருங்க" என்ற சொல்லுக்காகக் காலை முதல் களத்திலேயே கிடந்திருக்கிறார்கள். வேறு வேலைக்கும் போக முடியாது. போனால் அடுத்த நாள் குழுவில் இடம் இருக்குமா என்பது சந்தேகம்.

2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 10ஆம் பிரிவும் 12ஆம் பிரிவும் இங்கே நேராகப் பொருந்துகின்றன. நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில், வேலை தருபவரால் வேலை கொடுக்க முடியாமல் நேரம் குறைந்தால், முழு நாள் கூலி உண்டு. தொழிலாளி தானே வேலை செய்ய மறுத்தால்தான் அது இல்லை. அடுத்தது, துண்டு வேலைக்கென்று (மூட்டைக்கு இவ்வளவு என்பதுபோல எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலை) தனியே குறைந்தபட்ச விகிதம் அறிவிக்காமல் நேரக் கணக்கு விகிதம் மட்டும் அறிவிக்கப்பட்டிருந்தால், துண்டு வேலைக்காரரின் கூலியும் அந்த நேர விகிதத்துக்குக் கீழே போகக் கூடாது. இவை நேற்று முளைத்த விதிகள் அல்ல. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இருந்தவைதான்.

எனவே நாங்கள் கேட்பது எளிய ஏற்பாடு. ஒவ்வொரு நிலையத்திலும் காலையில் வந்தவர் பெயரும் வந்த நேரமும் எழுதப்பட வேண்டும். அன்று எத்தனை மூட்டை ஓடியது, ஓடாவிட்டால் என்ன காரணம் (சாக்கு இல்லை, லாரி இல்லை, அட்டி போட இடமில்லை, மழை, மின்சாரம்) என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். மூட்டைக் கூலி, சுமை ஏற்றி இறக்கும் வேலைக்கு அரசு அறிவித்த நாள் கூலியையும் அகவிலைப்படியையும் எட்டவில்லையென்றால் மிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. சம்பா கொள்முதலின் நடுவில் அந்தத் தேதி வருவதால் மார்ச் கணக்கிலேயே ஏப்ரலையும் ஓட்டிவிடுகிறார்கள். அதையும் கவனிக்க வேண்டும். காத்திருப்புக் கூலி என்ற தலைப்பில் ஒரு செலவு கணக்கில் ஏறத் தொடங்கினால், சாக்கு ஏன் வரவில்லை என்று மேலிடமே கேட்கத் தொடங்கும். இன்று தாமதத்தால் கழகத்துக்குச் செலவில்லை. அதனால் தாமதத்தைப் பற்றி யாருக்கும் அவசரமும் இல்லை.

மூட்டைக்குப் பத்து ரூபாயில் எந்தெந்த வேலை அடக்கம் என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும். மழை மேகம் திரண்டதும் ஓடிப்போய்ப் படுதா போர்த்துவது, காற்று அடித்துப் பிரிந்ததை மறுபடி இழுத்துக் கட்டுவது, நனைந்த அடி வரிசையைப் பிரித்து உலர்த்தி மீண்டும் அடுக்குவது, கிழிந்த சாக்கை மாற்றுவது என்று மூட்டை எண்ணிக்கையில் சேராத வேலை ஏராளம். அட்டி ஒருமுறை பிரிந்து மறுபடி போடப்பட்டால் உழைப்பு இரட்டிப்பு, கூலியோ ஒன்றுதான். இந்த வேலைகளுக்கு மணிக் கணக்கில் ஒரு விகிதம் வையுங்கள்.

இதைப் பேசும்போது எதிரில் ஒரு கேள்வி எழும் என்பது தெரியும். விவசாயியிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களே, அது போதாதா என்பார்கள். வாங்கப்படுகிறது, ஊரறிந்த விஷயம். அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பணம் சுமை தூக்குபவர் கையில் எவ்வளவு தங்குகிறது, அதற்கு மேலே எந்தெந்தச் செலவுக்குப் போகிறது என்பதை விசாரித்தவர்கள் குறைவு. கொள்முதல் நிலையத்தில் கணக்கில் வராத செலவு பல இருக்கிறது. தூற்றும் இயந்திரத்துக்கு டீசல், லாரி ஓட்டுநருக்குப் படி, கிடங்கில் இறக்குவதற்கு ஒரு தொகை, சணல், ஊசி, படுதாவுக்குக் கயிறு. இவற்றில் எதற்கு அரசு கொடுக்கிறது, எது விவசாயி தலையில் விழுகிறது என்று ஒரு பலகை வைத்தால் பாதி வசூலுக்குச் சாக்குப்போக்கே இருக்காது. காத்திருந்த நாளுக்குக் கூலி இல்லாத ஒருவரிடம் நேர்மையாக இரு என்று சுற்றறிக்கை அனுப்புவது மலிவான நிர்வாகம்.

இனி பட்டியல் எழுத்தர். இவர் விஷயத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டாக வேண்டும், ஏனென்றால் சண்டையே கணக்கில்தான்.

நெல்லில் இருக்கும் தண்ணீர் வெயிலில் போகும். போனால் எடை குறையும். இதில் திருட்டுமில்லை, கவனக்குறைவுமில்லை. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ மூட்டையில் உலர்ந்த நெல்லின் பங்கு 33.2 கிலோ. அந்த 33.2 கிலோ மாறாது. ஈரம் 14 சதவீதத்துக்கு வந்ததும் மூட்டையின் எடை 38.6 கிலோ, ஒரு கிலோ 400 கிராம் காற்றில் போயிருக்கும். 12 சதவீதத்துக்கு வந்தால் 37.7 கிலோ. வாங்கிய எடையை (100 கழித்தல் வாங்கிய ஈரம்) என்பதால் பெருக்கி, (100 கழித்தல் இன்றைய ஈரம்) என்பதால் வகுத்தால் இருக்க வேண்டிய எடை கிடைத்துவிடும். கைப்பேசியில் இருக்கும் கணிப்பானே போதும்.

மாசி, பங்குனி வெயிலில் 1,000 மூட்டை நகராமல் நின்று 17இலிருந்து 14க்கு இறங்கினால் குறைவது 1,395 கிலோ. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரகத்துக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்தக் கணக்கில் இது சுமார் 35,000 ரூபாய். ஒரே ஒரு நாள் கொள்முதலில் வந்த குறைவு இவ்வளவு. பல நாள் இயக்கம் (மூட்டையை லாரியில் கிடங்குக்கு அனுப்புவது) நடக்காத நிலையத்தில் எவ்வளவு வரும் என்று பெருக்கிப் பாருங்கள். ஈரப்பதத்தைத் தளர்த்தி வாங்கும் ஆண்டில் நிலைமை இன்னும் மோசம். 22 சதவீதத்தில் வாங்கிய 40 கிலோ, 14க்கு வரும்போது 36.3 கிலோதான் இருக்கும். விவசாயிக்குத் தளர்வு கொடுத்து ஆணை போடும்போதே, எடைக் குறைவுக்கும் அதே அளவில் தளர்வு கொடுத்தாக வேண்டும். முதல் ஆணை மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால் வித்தியாசத்தைப் பட்டியல் எழுத்தர் கட்ட நேர்கிறது.

எடை குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அட்டியின் மேல் வரிசை காய்கிறது, அடி வரிசை தரையிலிருந்து ஈரம் இழுக்கிறது. பழைய சாக்கில் பிரி விட்டு நெல் சிந்துகிறது. எலி, காக்கை, குருவி. நனைந்த சணல் சாக்கு 580 கிராமுக்கு மேல் நிற்கும். வாங்கும்போது அப்படி நின்றால் நெல் குறைவாகப் பிடிபட்டு விவசாயியோடு தகராறு, கிடங்கில் சாக்கு காய்ந்து நின்றால் அங்கே குறைவு எழுதுகிறார்கள். ஈரமானியே நிலையத்துக்கு நிலையம் ஓரிரு புள்ளி மாறிக் காட்டும். விடியற்காலைப் பனியில் எடுத்த மாதிரிக்கும் உச்சி வெயிலில் எடுத்த மாதிரிக்கும் வித்தியாசம் உண்டு. குவியலின் மேலே ஒரு பிடி அள்ளி வைத்தால் சரியான அளவு வராது. மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, மூன்று முறை வைத்துச் சராசரி எழுத வேண்டும். கருவியைப் பருவத்துக்கு முன்பு ஒருமுறை சரிபார்த்துத் தேதியை அதன் மேலேயே ஒட்டிவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, வாங்கிய எடை இது, கிடங்கில் இறங்கிய எடை இது, வித்தியாசத்தைக் கட்டு என்பது கழித்தல் கணக்கு மட்டுமே, விசாரணை ஆகாது. சட்டம் விசாரணை கேட்கிறது. ஊதியத் தொகுப்பின் 18ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளின் இழப்புக்காகக் கூலியில் பிடிக்க வேண்டுமென்றால் அந்த இழப்பு தொழிலாளியின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவின்படி இழப்பின் தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமலும் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. வெயில் செய்த வேலைக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்க முடியாது. லாரி அனுப்பாதவர் யார் என்ற கேள்வியும் அந்த விசாரணையில் வந்தே தீரும்.

இதற்குத் தேவை ஒரு நகர்வுச் சீட்டு. லாரி ஏற்றும்போது, எந்தத் தேதியில் வாங்கிய மூட்டை, வாங்கிய ஈரம், இன்றைய ஈரம், மூட்டை எண்ணிக்கை, கிழிந்த சாக்கு எத்தனை, இயக்கம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்ற ஆறு விவரமும் அதில் இருக்க வேண்டும். பட்டியல் எழுத்தரும் லாரி ஓட்டுநரும் கையெழுத்திட வேண்டும். கிடங்கில் இறக்குபவர் அங்கே அளந்த ஈரத்தை எழுதி ஒரு படியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சீட்டு இல்லாத மூட்டைக்குப் பிடித்தம் கிடையாது என்று ஓர் ஆணை போட்டால் சீட்டு தானாக வந்துவிடும். இயக்கம் கோரிய பிறகு நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் எடை இழப்பு கழகத்தின் பொறுப்பு என்றும் அந்த ஆணையில் சேருங்கள்.

இன்னொன்று. பருவம் முடிந்து நிலையத்தை மூடியதும், "கணக்கு முடியட்டும்" என்று கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து அனுப்பப்படுபவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பது அதே தொகுப்பின் 17ஆம் பிரிவு. கணக்கு முடிய ஆறு மாதம் ஆனால் அது அலுவலகத்தின் வேகம். அதற்கு ஏன் ஒரு குடும்பம் கடன் வாங்க வேண்டும்? கூலி குறைந்தாலோ தவறாகப் பிடித்தாலோ மூன்று ஆண்டுக்குள் உரிமை கோரலாம் என்பதையும், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை தருபவருடையது என்பதையும் தொழிலாளர் துறை அலுவலர்கள் நிலையங்களில் தமிழில் எழுதி ஒட்டினால் நல்லது.

நெல் மூட்டைகளைக் காக்கும் காவலர் பற்றிச் சுருக்கமாக. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஓர் ஆளுக்குச் சட்டப்படி வாரம் 48 மணி. ஒரு நிலையத்தை இரவும் பகலும் காக்க மூன்றரை ஆள் தேவை. ஒரே ஆளைப் போட்டுவிட்டு, மூட்டை காணாமல் போனால் அவரைப் பிடிப்பது என்ன கணக்கு என்று நீங்களே சொல்லுங்கள். மூன்று பேரை நியமித்து, மீதி நேரத்துக்கு இரட்டிப்பு மிகை நேரக் கூலி கொடுத்தாலும் போதும்.

பாதுகாப்புக்கு வருவோம். நெல் உமியிலிருந்து பறந்து அரிக்கும் சுணை முதல் எதிரி. தூற்றும் இயந்திரத்தின் வாயில் நிற்பவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் கழுத்து மடிப்பிலும் அது ஏறி உட்காரும். தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு சமாளிக்கிறார்கள். அந்தத் துண்டு வியர்வையை உறிஞ்சும். நுண்ணிய தூசியை நிறுத்தாது. என்95 முகக்கவசமும் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் வேண்டும். வியர்வையில் முகக்கவசம் நனைந்துவிட்டால் மூச்சு முட்டும், கழற்றி எறிந்துவிடுவார்கள். எனவே ஆளுக்கு நாளைக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள். காற்று போகும் திசை பார்த்து இயந்திரத்தை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும். செலவே இல்லாத வேலை, யாரும் செய்வதில்லை.

இயந்திரத்தின் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் மூடி இருந்தே ஆக வேண்டும். சுத்தம் செய்ய வசதியாக இருக்கும் என்று கழற்றி வைத்த மூடி திரும்பப் போடப்படாது. லுங்கி, துண்டு, தாவணி சிக்குவது அங்கேதான். மின் மோட்டாருக்குத் தற்காலிகமாக இழுக்கும் வயர் பெரும்பாலும் ஈரத் தரையில் கிடக்கிறது. ஒட்டுப்போட்ட வயரை மாற்றுங்கள், கம்பத்தில் தூக்கிக் கட்டுங்கள், மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் இ.எல்.சி.பி. ஒன்று பொருத்துங்கள். ஒரு மூட்டை நெல்லின் விலைக்கு மேல் கொஞ்சம் ஆகும், அவ்வளவுதான்.

அட்டி சரிந்து விழுவதற்கு இரண்டு காரணம். அடி வரிசை நனைந்து இளகுவது ஒன்று, வரிசைக்கு வரிசை கட்டு மாற்றாமல் ஒரே வாக்கில் அடுக்குவது மற்றொன்று. உயரம் ஏற ஏற ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போக வேண்டும். இடம் இல்லை, லாரி வரவில்லை என்று மேலே மேலே ஏற்றும்போது இந்த ஒழுங்கெல்லாம் போய்விடுகிறது. இங்கேயும் தாமதம்தான் ஆளைக் கொல்ல வருகிறது. லாரிப் பலகையும் அப்படியே. நான்கடி உயரத் தட்டுக்கு ஆறடிப் பலகையைச் சாய்த்தால் 40 கிலோவைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டும். பன்னிரண்டு அடியாவது நீளம் வேண்டும். குறுக்கே சட்டம் அடித்து, மேல் முனையில் கொக்கி வைத்து லாரியில் மாட்ட வேண்டும். நகரும் பெல்ட் ஏற்றிகளை நான்கைந்து நிலையங்களுக்கு ஒன்றாகச் சுழற்சியில் அனுப்பலாம். ஆனால் ஏற்றி வந்துவிட்டது என்று மூட்டைக் கூலியைக் குறைக்கக் கூடாது; குறைத்தால் அடுத்த வாரமே அது பழுதாகி ஓரமாக நிற்கும்.

வெயிலைப் பற்றி ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. பகல் 11 முதல் 3 வரை கனமான வேலையை நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது. விவசாயிக்கோ ஈரம் குறைந்து காட்டும் நேரமே அதுதான்; அப்போதுதான் பிடிக்கச் சொல்வார். எனவே ஈரம் பார்ப்பதை மதியத்தில் வைத்துக்கொண்டு, தூக்குவதைக் காலைக்கும் மாலைக்கும் மாற்ற வேண்டும். மதியம் பார்த்த குவியலுக்கு ஈரத்தையும் நேரத்தையும் எழுதிச் சீட்டு வைத்துவிட்டால் மாலையில் பிடித்துக்கொள்ளலாம், தகராறு வராது. களத்தில் கூரையோடு ஒரு பந்தல், குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், கழிப்பறை. கடைசியில் சொன்னது பெண்களுக்காக முக்கியம். சிந்திய நெல்லைக் கூட்டிப் புடைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள். அள்ளிய நெல்லில் ஒரு பங்கோ, குழு கையிலிருந்து கொடுப்பதோதான் அவர்கள் கூலி. அவர்கள் வேலையும் கொள்முதல் வேலைதான், பெயரை எழுதுங்கள்.

இனி, யார் முதலாளி என்ற பழைய கேள்வி. குழுத் தலைவர் ஆள் கொண்டுவருகிறார், எங்களுக்கும் அவர்களுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பது வழக்கமான பதில். ஆனால் வேலை, இடம், எடை, விகிதம், நேரம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நிறுவனம். இடையில் இருப்பவர் கூலியைக் கொடுக்கவில்லையென்றால் முதன்மை வேலை தருபவர் கொடுத்தாக வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. குழுவை நிலையம் நிலையமாக 12 பேர், 15 பேர் என்று எண்ணினால் சட்டத்தின் வரம்புக்குக் கீழே நிற்கலாம். நிறுவனமாக எண்ணினால் ஆயிரக்கணக்கில் வருவார்கள். எண்ணும் முறையில் சட்டத்தைத் தவிர்ப்பது அரசு நிறுவனத்துக்கு அழகல்ல. 1968 வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, கூலிக்காக இந்த மண்ணில் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது வயல் வேலைக்கான சட்டம். நெல் வயலைத் தாண்டிச் சாக்கில் ஏறிய பிறகு சுமப்பவர்களும் பெரும்பாலும் அதே தெருக்களிலிருந்து வருகிறவர்கள்தான்.

பருவகாலம் என்ற சொல்லை வைத்து நடப்பதையும் பேச வேண்டும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிரந்தரத் தகுதிச் சட்டம். பருவகாலத் தன்மையுள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குறுவை செப்டம்பர் 1இல் தொடங்குகிறது, சம்பாவும் தாளடியும் ஜனவரியிலிருந்து கோடை வரை ஓடுகின்றன, இடையில் கோடை நெல்லும் வருகிறது. நிலையத்தைப் பூட்டும் மாதம் ஆண்டுக்கு எத்தனை? கழகமோ ஆண்டு முழுக்க இயங்கும் நிறுவனம். நிறுவனம் பருவகாலமா, ஆளை மட்டும் பருவகாலம் என்று எழுதுகிறோமா என்பதை அரசு தெளிவாகச் சொல்லட்டும்.

பருவகாலம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பெயரோடு வரும் உரிமைகளையாவது கொடுங்கள். பருவகால நிறுவனத்தில் ஒரு பருவத்துக்கு ஏழு நாள் கூலி பணிக்கொடை. நிறுவனம் இயங்கிய நாட்களில் 75 சதவீதம் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான பணி. மாதம் 13,000 சம்பளம் என்றால் 26ஆல் வகுத்து நாளுக்கு 500, பருவத்துக்கு 3,500. இருபது பருவம் உழைத்தவருக்கு 70,000 வர வேண்டும். வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில், பருவகால நிறுவன உறுப்பினர் ஓர் ஆண்டில் சில மாதமே வேலை செய்தாலும் அது முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். பத்து ஆண்டு சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி. இதைத் தெரியாமல் பருவம் முடிந்ததும் பணத்தை எடுத்துவிட்டுச் சேவையை அறுத்துக்கொள்பவர்கள் அதிகம். ஆண்டுக்கு ஆண்டு புதிய வைப்பு நிதி எண் கொடுக்காமல் ஒரே எண்ணில் தொடர வைப்பது அலுவலகத்தின் வேலை.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. விஷயத்தில் தேதிகள் சாதகமாக விழுகின்றன. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு பங்களிப்புக் காலம். குறுவையின் பிற்பகுதியும் சம்பாவின் முற்பகுதியும் அதற்குள் அடக்கம். அதில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை நோய்க்காலத்தில் 70 சதவீதக் கூலி, 91 நாள் வரை உண்டு. வேலையில் அடிபட்டால் இந்த 78 நாளும் தேவையில்லை. முதல் நாள் விழுந்தாலும் 90 சதவீதம். 20,000 ரூபாய்க் கூலிக்கு நிறுவனப் பங்கு 650, தொழிலாளி பங்கு 150. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதே என்று சொல்லி இதைத் தள்ளிவிடக் கூடாது. வாரியத்தின் உதவி வேறு, இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருப்பவருக்கு மாதாமாதம் வரும் பணம் வேறு.

ஆகஸ்ட் மாதத்துக்குள் இவற்றில் முதலில் செய்யக்கூடியவை: ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம், வருகைப் பதிவேடு, மூட்டைக் கூலியில் அடங்கும் வேலைகளின் பலகை, நகர்வுச் சீட்டு, இ.எல்.சி.பி., பெல்ட் மூடி. கூலியைக் குழுத் தலைவர் கணக்கில் மொத்தமாகப் போடாமல் அவரவர் வங்கிக் கணக்கில் போடுவதையும் குறுவையிலேயே தொடங்கலாம். காத்திருப்புக் கூலிக்கும் எடைக் குறைவுக்கும் ஆணை வேண்டும். அதற்குச் சங்கங்களையும் விவசாயிகளையும் தொழிலாளர் துறையையும் ஒரே மேசையில் கூப்பிட்டு, சென்ற பருவத்தில் ஒவ்வொரு நிலையத்திலும் சாக்கோ லாரியோ இல்லாமல் நின்ற நாட்களின் பட்டியலை முன்னால் வைத்துப் பேசுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் அலுவலகங்களில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தொழிலாளர் சட்டப் பணியில் இருக்கும் சிலர்,
தஞ்சாவூர்.